சீட்டுக்கு அடியில் ஒரு சாண் ஒயர்

பாம்புக்காது என்று அவருக்குப் பேர் வைத்தது அவருடைய மனைவிதான். பாராட்டி வைத்த பேர் இல்லை. "நாலு தெரு தள்ளி ஒரு எஞ்சின் தும்மினா இவருக்குக் கேக்கும். பக்கத்துல நின்னு பொண்டாட்டி கத்தினா கேக்காது" என்று ஒரு நாள் வாசலில் நின்று பொரிந்து தள்ளினாள். அந்த நேரம் பார்த்து வந்து நின்ற மெக்கானிக் ஒருவன் அதைத் தொழில் வட்டாரம் முழுக்கப் பரப்பிவிட்டான். அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பேர் வங்கிப் புத்தகத்தில் மட்டும்தான் மிஞ்சியது.

அவருடைய தொழில் கொஞ்சம் விசித்திரமானது. பழைய குட்டி இயந்திரங்களை ஒருவர் வாங்குவதற்கு முன்னால் போய்ப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பது. மலையைக் குடைகிற ராட்சத வண்டிகள் பக்கம் அவர் போவதில்லை. சந்துக்குள் நுழைகிற, ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற மண்தோண்டி, குட்டி லோடர், சின்ன ரோலர், இவைதான் அவருடைய உலகம். இவற்றை வாங்குகிறவர்கள் பெரிய முதலாளிகள் இல்லை. இருப்பதையெல்லாம் திரட்டி ஒரு வண்டியை வாங்கி, அதிலேயே உட்கார்ந்து பிழைக்கிறவர்கள். அவர்களுக்கு வண்டி படுத்தால் வீடு படுத்துவிடும். அதனால் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்ப்பார்.

பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதுக்கே போய் நிற்பார். போனதும் பேச்சு இல்லை, எஞ்சின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் அப்படியே திரும்பிவிடுவார். "மாத்திரை போட்டு உக்கார வச்சிட்டு ஜுரம் இருக்கான்னு பாக்கச் சொல்றீங்க" என்பார். குளிர்ந்த எஞ்சின் முதல் முறை எப்படிக் கண் விழிக்கிறது என்பதில்தான் அதன் ஜாதகமே இருக்கிறது என்பது அவர் கட்சி. எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்ப்பார். ரப்பர் குழாய் மேலே பெயிண்ட் தெறித்திருந்தால், எதையோ பூசி மெழுகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் எண்ணூறு என்று சொல்லும், பெடலில் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கும். "மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியும், பெடலுக்குத் தெரியாது" என்று விற்கிறவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். இதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு. ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட ஒற்றைத் தாளுக்கு இருந்த மரியாதை பெரிய மனிதர்கள் சிபாரிசுக்கும் கிடையாது. பதினான்கு வரிகள். கடைசி வரி, வாங்கலாம் அல்லது வேண்டாம்.

மற்றவர்கள் இந்த வேலைக்கு ஒரு கையாளைக் கூட்டிப் போவார்கள். குட்டி லோடரில் ஒரு வசதி உண்டு. ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தால்தான் முன்னால் வாளியைத் தாங்கி நிற்கிற இரண்டு தூக்குக் கைகளும் ஏறி இறங்கும். அவர் எழுந்துவிட்டால் சீட்டுக்கு அடியில் இருக்கிற சுவிட்ச் எல்லாவற்றையும் பூட்டிவிடும். பெடலை மிதித்தாலும் கைகள் அசையாது. அந்த வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் முன்பக்கமாக, அந்தக் கைகளுக்கு அடியில் புகுந்துதான். பூட்டு மட்டும் இல்லாவிட்டால், எழுந்திருக்கிற மனிதனின் கால் தவறிப் பெடலில் பட்டால் போதும், தலைக்கு மேல் நிற்கிற இரும்பு இறங்கிவிடும்.

ஆனால் கைகள் ஏறி இறங்கும்போது வெளியே நின்று மூட்டுகளைப் பார்த்தால்தான் எது ஆடுகிறது, எது முனகுகிறது என்று தெரியும். அதற்கு சீட்டில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். நம் ஆளுக்குக் கையாள் வைத்துக்கொள்வது பிடிக்காது. "அவன் வாய் பேசும், என் காது கெடும்" என்பார். அதனால் ஒரு சாண் ஒயர் செய்து வைத்திருந்தார். சீட்டைத் தூக்கி அந்தச் சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அதை மாட்டிவிட்டால், சீட்டில் ஆள் இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். வெளியே தள்ளி நின்று ஒரு கம்பால் பெடலை அழுத்திக்கொண்டே எல்லாவற்றையும் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் ஒயரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். கழற்ற மறக்கக் கூடாது என்பதற்காக அதில் ஒரு முழ நீளச் சிவப்பு நாடா கட்டியிருக்கும். நாடா சீட்டுக்கு வெளியே தொங்கும், எப்படியும் கண்ணில் படும்.

ஒயர், மனைவியின் பழைய இஸ்திரிப் பெட்டியில் இருந்து வெட்டியது. மேலே நூல் சுற்றி, கறுப்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த அந்தக் காலத்து ஒயர். அது வளையும், ஒடியாது. வெட்டிய அன்று வீட்டில் நடந்த ரகளை தனிக் கதை. ஆறு மாதம் கசங்கிய சட்டையோடு திரிந்தார்.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து அண்ணனும் அவர்தான், அப்பாவும் அவர்தான். தங்கைக்கு வாய்த்த கணவர் தண்ணீர் குடிக்கும்போதும் டம்ளருக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குடிக்கிற ரகம். அவசரம் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. செருப்பைக் கூட வலது இடது பார்த்து, சரிபார்த்து, பிறகு மாட்டுவார். தெருவில் அவருக்கு நிதானம் என்று பேர். பாம்புக்காதுக்கு மாப்பிள்ளை மேல் உயிர். "ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள எனக்கு ரெண்டு வயசு ஏறிடுது" என்று கேலி செய்வார், ஆனால் தனக்குத் தம்பி பிறந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மாப்பிள்ளை, அடுத்தவர் வண்டியை ஓட்டியது போதும், சொந்தமாக ஒரு குட்டி லோடர் வாங்க வேண்டும் என்றார். பாம்புக்காது பதினோரு வண்டிகளைப் பார்த்து, பத்தை வேண்டாம் என்றார். பதினோராவது வண்டி ஒரு மரக்கடையின் பின்னால் நின்றது. உள்ளங்கையை வைத்தார், ஜில்லென்று இருந்தது. ஒரே சாவித் திருப்பில் எழுந்தது. சீட்டில் உட்கார்ந்து வண்டியின் கைகளைத் தூக்கி, எழுந்து, பெடலை மிதித்துப் பார்த்தார். அசையவில்லை. பூட்டு நன்றாக இருந்தது. பிறகு ஒயரை மாட்டி, வெளியே நின்று, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. குறை அகப்படாததே அவருக்குக் கொஞ்சம் குறையாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் தங்கையும் மூன்று வயதுப் பாப்பாவும் மாப்பிள்ளையோடு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அதிசயமாக, யாரையும் கேட்காமல், குனிந்து உள்ளே புகுந்து சீட்டில் உட்கார்ந்தார்.

"மச்சான், நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?"

"உங்க வண்டி மாப்பிள்ளை. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

மாப்பிள்ளை ஓட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார், நின்ற இடத்திலேயே வட்டமடித்தார். பிறகு பாப்பாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு வாளியைத் தூக்கி இறக்கிக் காட்டினார். பாப்பா கை தட்டியது. அந்த நிதானமான மனிதர் பல் தெரியச் சிரித்து அண்ணனும் தங்கையும் அன்றுதான் பார்த்தார்கள். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாம்புக்காது மரப்பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, பதினான்கு வரிகளையும் எழுதினார். சீட்டுப் பூட்டு: நன்றாக இருக்கிறது. கடைசி வரி: வாங்கலாம். எழுதிவிட்டு எல்லோரையும் டீ குடிக்கக் கூட்டிப் போனார். கடமையை மறந்து சந்தோஷப்பட்ட நாள் என்று அவர் வாழ்க்கையில் அதிகம் கிடையாது. அது ஒன்று.

ஒரு வாரம் கழித்து, சட்டைப் பையில் கை விட்டபோது ஒயர் இல்லை. இரண்டு நாள் முன்னால் ஒரு பழைய வண்டி யார்டில் நாலு ரோலர் பார்த்திருந்தார், அவற்றுக்கு ஒயர் தேவைப்படவில்லை. அங்கேதான் எங்கேயோ விழுந்திருக்கும் என்று நினைத்தார். பழைய ஒயரில் நாடா அறுந்து போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம், நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார். புது ஒயர் செய்து, புது நாடா கட்டிக்கொண்டார். கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்.

இரண்டு வருஷம் அந்த வண்டி தங்கை வீட்டில் சோறு போட்டது. போன வருஷம் ஒரு மத்தியானம், யாரோ கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மதிலுக்கு மேலே ஜல்லியைத் தூக்கிக் கொட்டிவிட்டு, வாளியில் மாட்டிக்கொண்ட சாக்கை எடுக்க மாப்பிள்ளை சீட்டிலிருந்து பாதி எழுந்தார். அவ்வளவுதான் அங்கே வேலை செய்த கொத்தனார் பார்த்தது. மேலே நின்ற தூக்குக் கைகள் இறங்கின. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய தேவையே இருக்கவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி நல்லவர்தான், ஆனால் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். பாம்புக்காது அங்கே நின்றதைப் பார்த்து, "நீங்க இதுல கைதேர்ந்தவர்னு சொல்றாங்க. என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டார். அழுது வீங்கிய கண்ணோடு அவர் சொன்னார்: "பூட்டு நல்லாதான் இருந்தது, நானே பார்த்திருக்கேன். அவருதான் அவசரத்துல ஏதோ மீறிப் பண்ணியிருக்கணும்." அதிகாரி அதையே எழுதிக்கொண்டார். சீட்டை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. கைதேர்ந்தவரே சொன்ன பிறகு எதற்குத் தூக்க வேண்டும்?

ஓட்டியவரின் கவனக்குறைவு. அந்த இரண்டு சொற்கள் தாளிலிருந்து தெருவுக்கு இறங்கின. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. "நிதானமே நிதானம் தப்பிட்டானே" என்று துக்கம் கேட்க வந்தவர்களே வாசலில் நின்று சொன்னார்கள். தங்கைக்கு அது நெஞ்சில் தங்கிவிட்டது. புருஷன் செத்ததற்கு அழுததைவிட, தன்னையும் பாப்பாவையும் நினைக்காமல் அவசரப்பட்டுவிட்டாரே என்ற கோபத்தில்தான் அவள் அதிகம் அழுதாள். அவர் போட்டோவைச் சுவரில் மாட்டவே இல்லை. அலமாரிக்குள் துணிக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

வண்டி, கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்தி நின்றது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். ஒரு வருஷம் ஜன்னலைத் திறக்காமலே சமைத்துப் பார்த்தாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நீ பார்த்து வாங்கிக் குடுத்த. நீயே பார்த்து வித்துக் குடு. இது இங்க நிக்கக் கூடாது."

வாங்க வருகிறவர் கோழிப்பண்ணைக்காரர், ஏற்கெனவே பாம்புக்காதின் தாளை நம்பி ஒரு வண்டி வாங்கியவர். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பாம்புக்காது வழக்கம் போல ஒன்பதுக்கே வந்தார். பாப்பாவுக்கு அன்று அரை நாள்தான் பள்ளிக்கூடம், போயிருந்தாள். தங்கை கொட்டகைப் பக்கம் வரவில்லை.

தார்ப்பாயை விலக்கினார். எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஒரு வருஷத்துக் குளிர். அந்தத் தூக்குக் கைகளைப் பார்க்காமல் வேலை செய்ய முயன்றார், முடியவில்லை. பேட்டரி மாற்றினார், எண்ணெய் பார்த்தார். ஒரு வருஷம் சும்மா நின்ற வண்டியில் எலி புகுந்து ஒயர்களைக் கடித்திருக்கும், அதையும் பார்த்துவிடலாம் என்று போல்ட்டைக் கழற்றிச் சீட்டைத் தூக்கினார்.

எலி எதையும் கடித்திருக்கவில்லை. சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சாண் ஒயர் மாட்டியிருந்தது. நூல் சுற்றிய ஒயர். கறுப்பில் வெள்ளைப் புள்ளி.

முதலில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. இது ஏன் இங்கே இருக்கிறது என்று யாரையோ அதட்டுகிற மாதிரிதான் நினைத்தார். பிறகு அந்த இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்தது, மரப்பலகை அடுக்கு ஞாபகம் வந்தது, மாப்பிள்ளையின் சிரிப்பு ஞாபகம் வந்தது. கொட்டகைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டி கை மாறிய நாளிலிருந்து அதற்குப் பூட்டே இல்லை. எழுந்தால் பூட்டிக்கொள்ளும் என்று நம்பி அந்த மனிதர் இரண்டு வருஷம், தினம் இருபது தடவை, அந்த இரும்புக்கு அடியில் புகுந்து வந்திருக்கிறார். அவரிடம் எந்த அவசரமும் இருந்ததில்லை. அவசரப்பட்டது நான்தான், அதுவும் டீ குடிக்க.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பண்ணைக்காரர் குரல். தங்கை, "பின்னால இருக்காரு, போங்க" என்றாள்.

அடுத்து அவர் செய்ததை நியாயப்படுத்த முடியாது. ஒயரைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். சீட்டை இறக்கி போல்ட்டைத் திருகினார். வேலை பிசகவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் அப்படி. வண்டி போய்விடும், ஒயரைச் சாக்கடையில் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. தங்கை அவள் புருஷனைத் திட்டிக்கொண்டிருப்பாள், ஆனால் அண்ணன் அவளுக்கு மிஞ்சுவான். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் கணக்கு அதுதான்.

பண்ணைக்காரர் வந்தார். கும்பிட்டார். "நீங்க பார்த்த வண்டின்னா நான் பாக்கறதுக்கு என்னண்ணே இருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு உயிர் போன வண்டி. எங்க பண்ணை ஆளுங்கதான் இதை ஓட்டப் போறாங்க. அந்தப் பூட்டை மட்டும் நான் ஒரு தடவை பார்த்துக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். என்ன காரணம் சொல்வது? பண்ணைக்காரர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு எழுந்த அந்தச் சத்தம் கேட்டுத் தங்கை கொல்லைக் கதவு வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைகள் மேலே ஏறின. பண்ணைக்காரர் கெட்டிக்காரர், பெடல் பக்கமே காலைக் கொண்டு போகாமல் உள்ளேயிருந்து எழுந்து வெளியே வந்து, தள்ளி நின்று, ஒரு மண்வெட்டிக் காம்பை நீட்டிப் பெடலை அழுத்தினார். கைகள் அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். மலை மாதிரி நின்றன.

"பூட்டு கெட்டியா இருக்கேண்ணே" என்றார், ஆச்சரியமாக. "எழுந்தா அசையவே மாட்டேங்குது. அப்புறம் எப்படி அந்த மனுஷனுக்கு..."

பேச்சை முடிக்காமல் தங்கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தங்கை வண்டியைப் பார்த்தாள். "அவரும் அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "தூக்கின கைக்கு அடியில முட்டுக்கம்பி வச்சுட்டு எழுந்திரிங்கன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். தேவையில்ல, நான் எழுந்தா அது பூட்டிக்கும், உங்க அண்ணன் பார்த்து எழுதிக் குடுத்திருக்காருன்னு சொல்லுவாரு. இப்போ பூட்டுதே. அன்னிக்கு மட்டும் ஏன் பூட்டல?"

கேள்வி பண்ணைக்காரரிடம் இல்லை. அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு எது புரியாவிட்டாலும் அவரிடம்தான் கேட்பாள். வானம் ஏன் இடிக்கிறது என்பதிலிருந்து அப்பா எங்கே என்பது வரை. அவர் ஒரு தடவை கூடத் தெரியாது என்று சொன்னதில்லை.

பண்ணைக்காரர் காற்றின் மாற்றத்தைப் புரிந்துகொண்டார். "நான் நாளைக்கு வரேண்ணே" என்று சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டுப் போனார்.

பாம்புக்காது சட்டைப் பையில் கை விட்டு ஒயரை எடுத்து நீட்டினார்.

"இது என்ன?"

"என்னோடது. சீட்டுக்கு அடியில இருந்தது. இது இருந்தா பூட்டு வேலை செய்யாது."

"எப்போ வச்ச?"

"வாங்கின அன்னிக்கு. பாக்கறதுக்காக மாட்டினேன்."

"எடுக்கல."

"எடுக்கல."

"ஏன்?"

"மாப்பிள்ளை ஓட்டிப் பார்த்தாரு. பாப்பாவை மடியில வச்சிட்டு. நான் பார்த்துட்டே இருந்தேன். சந்தோஷமா இருந்துச்சு. மறந்துட்டேன்."

தங்கை ஒயரை வாங்கிக்கொண்டாள். அது எவ்வளவு இலேசாக இருக்கிறது என்று பார்ப்பதைப் போல உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போனாள். அவர் பின்னால் போனார். குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஒரு பாத்திரத்தை மறுபடி கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"எப்போ பார்த்த இதை?"

"இப்போதான். பண்ணைக்காரர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால."

"அவரு வந்தப்போ இது உன் பையில இருந்தது. நான் கேக்கலேன்னா?"

அவர் காலிச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்த அதிகாரிகிட்ட நீதானே சொன்ன, அவரு அவசரப்பட்டாருன்னு."

"ஆமா."

"ஒரு வருஷம் அண்ணா. காலையில அடுப்பைப் பத்த வைக்கும்போது ஆரம்பிப்பேன், செத்துப் போன மனுஷனைத் திட்ட. உனக்கென்ன அப்படி அவசரம், உனக்கென்ன அப்படி அவசரம்னு. பாப்பா கேட்டா, உங்கப்பா கவனமா இருந்திருந்தா இருந்திருப்பாருன்னு சொல்லியிருக்கேன். ஆறு வயசுக் குழந்தைகிட்ட." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அவரு உன்னை நம்பினாரு. வேற ஒண்ணும் பண்ணல."

அவள் காலில் விழப் போனார். அவள் சட்டென்று நகர்ந்துகொண்டாள்.

"விழாத. அதுக்கெல்லாம் எனக்கு இப்போ தெம்பில்ல. பாப்பா வர்ற நேரம். உக்காந்து எழுது."

"என்ன எழுத?"

"உன் தாள்ல. எல்லா வண்டிக்கும் எழுதுவியே, அந்த மாதிரி. ரெண்டு எழுது. ஒண்ணு அந்த அதிகாரிக்கு. நீயே கொண்டு போய்க் குடு. இன்னொண்ணு எனக்கு."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பையிலிருந்து தாளை எடுத்தார். பழக்கத்தில் முதல் வரியில் எஞ்சின் என்று எழுதிவிட்டார். அவள் எட்டிப் பார்த்து, "எஞ்சின் எல்லாம் வேணாம்" என்றாள். அந்தத் தாளைக் கசக்கிவிட்டு வேறு தாள் எடுத்தார். ஓட்டியவர் மேல் எந்தத் தவறும் இல்லை. பூட்டு வேலை செய்யாமல் போனதற்குக் காரணம் அதில் மாட்டியிருந்த ஒயர். அதை மாட்டியவன் நான். எடுக்க மறந்தவன் நான். விசாரணையில் தவறாகச் சொன்னவனும் நான். உண்மை தெரிந்த பிறகும் ஒயரை ஒளித்தேன். பதினான்கு வரி வரவில்லை, ஆறோடு முடிந்துவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை நம்பி எத்தனை பேர் எத்தனை வண்டிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்து, இரண்டாவது தாளில் பேனா சற்று நேரம் நின்றது.

தங்கை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு உள்ளே போனாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. துணிகளை விலக்குகிற சத்தம். பிறகு, வேறு யாருக்கும் கேட்டிருக்காத அளவுக்கு மெதுவாக, "என்னை மன்னிச்சுடுங்க, என்னை மன்னிச்சுடுங்க" என்று அவள் சொல்வது கேட்டது. அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்தக் காதை வைத்துக்கொண்டு எங்கே போய் ஒளிவது?

அவள் திரும்பி வந்தபோது கையில் போட்டோ இருந்தது. கண்ணாடிச் சட்டத்தைத் திருப்பி, பின்பக்க அட்டைக்குள் ஒயரைச் சுருட்டி வைத்தாள். அதிகாரிக்கான தாளை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு, தன்னுடையதை நாலாக மடித்தாள்.

"அண்ணா, இதைப் பாப்பாவுக்குக் குடுப்பேன். அவ அவளா படிச்சுப் புரிஞ்சுக்கற வயசுல. அதுவரைக்கும் நீ வரலாம் போகலாம், நான் தடுக்க மாட்டேன். அவ உன்னைத் தேடுவா. அதுக்கப்புறம் அவ இஷ்டம்."

"நீ?"

"என்னை இப்போ கேக்காத."

வாசலில் செருப்புச் சத்தம். பாப்பா பையோடு ஓடி வந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த புதிது அவளுக்கு. கடைப் பலகை, மருந்து அட்டை, பிஸ்கட் பாக்கெட், எது கண்ணில் பட்டாலும் விடமாட்டாள். மாமாவைப் பார்த்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். மேஜையில் அவர் கசக்கிப் போட்டிருந்த முதல் தாளைப் பிரித்து, "எ... ஞ்... சி... ன்" என்று படித்து முடித்து, மாமா முகத்தைப் பார்த்தாள்.

"சரியா மாமா?"

"சரிடா கண்ணு."

தங்கை மடித்த தாளை அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். பாப்பா அதையும் பார்த்துவிட்டாள்.

"அது என்னம்மா?"

"மாமா எழுதினது. உனக்குத்தான். பெரிய பெரிய வார்த்தையா இருக்கு. உனக்கு இன்னும் படிக்க வராது. நல்லா படிக்கக் கத்துக்கிட்டதும் எடுத்துத் தரேன்."

பாப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மாமா தனக்கென்று ஒன்று எழுதியிருக்கிறார். இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நான் சீக்கிரமா கத்துக்கறேன் மாமா" என்றாள்.

அவர் அவள் தலையைத் தடவினார். "கத்துக்கோ" என்றார்.